உஸ்பெகிஸ்தானுக்கு எட்டு நாள்: சமர்கண்டை ஒரே பகலில் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

கேள்வி: அக்டோபரில் 68 வயது அம்மாவோடு எட்டு நாள் உஸ்பெகிஸ்தான் போகிறோம். ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் தாஷ்கெண்டில் ஐந்து இரவு, சிம்கான் மலை, சார்வாக் ஏரி, நடுவில் ஒரு நாள் சமர்கண்ட் போய்வருவது என்று இருக்கிறது. எங்களுக்குப் பழைய நகரங்களைப் பார்க்கத்தான் ஆசை. இது போதுமா? அம்மாவுக்கு முட்டி வலி, சுத்த சைவம் வேறு.

பதில்: போதாது. மலையும் ஏரியும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நீங்கள் கேட்பது அதை இல்லையே. காலை ரயிலில் சமர்கண்ட் போய் அன்றே திரும்பினால், உச்சி வெயிலில், எல்லாக் கூட்டமும் வந்து நிற்கிற நேரத்தில், மூன்று மதரஸாக்கள் சூழ்ந்த ரெகிஸ்தான் சதுக்கத்தைப் பார்ப்பீர்கள். அந்த ஓடுகளின் நீலம் வெயில் சாயும்போதுதான் தெளியும், விளக்கு போட்டபிறகு அந்த இடமே வேறாகிவிடும், அந்த நேரத்தில் நீங்கள் ஸ்டேஷனுக்கு ஓடிக்கொண்டிருப்பீர்கள். பழைய நகரங்களில் இரவு தங்க வேண்டும், நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்.

எட்டு நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: முதல் இரவு தாஷ்கெண்ட், அப்புறம் மேற்கே கிவாவில் இரண்டு, புகாராவில் இரண்டு, சமர்கண்டில் இரண்டு. கடைசி நாள் சமர்கண்டிலிருந்து ரயிலில் தாஷ்கெண்ட் வந்து இரவு விமானம். மேற்கிலிருந்து கிழக்காக வரச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிவா சின்ன ஊர், சமர்கண்டில் எல்லாமே பிரம்மாண்டம். சமர்கண்டை முதலில் பார்த்துவிட்டுக் கிவாவுக்குப் போனவர்கள் பலர் 'இவ்வளவுதானா' என்று கேட்டதை நானே கேட்டிருக்கிறேன், கிவாவுக்கு அது அநியாயம்.

தாஷ்கெண்டிலிருந்து உர்கெஞ்சுக்கு உள்நாட்டு விமானம், அங்கிருந்து கிவா காரில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அறையை இச்சான் கலா என்கிற பழைய ஊரின் மதிலுக்கு உள்ளேயே எடுங்கள். மதிலுக்குள் இருக்கும் ஊர் ஏறத்தாழ 650 மீட்டருக்கு 400 மீட்டர்தான், தரையும் சமம், அம்மா களைத்துப்போனால் எந்த மூலையிலிருந்தும் சில நிமிடத்தில் அறைக்கு வந்து காலை நீட்டிக்கொள்ளலாம். பழைய வீடுகளைத்தான் தங்கும் விடுதி ஆக்கியிருப்பார்கள், மாடிப்படி செங்குத்தாக இருக்கும், அதனால் தரைத்தள அறை வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். ஜுமா மசூதியில் இருநூறுக்கும் மேற்பட்ட மரத்தூண்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு செதுக்கல், சில தூண்களுக்கு ஆயிரம் வருஷ வயது. அரையிருட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம். வெளியே பருத்துக் குட்டையாக நிற்கும் நீலக் கோபுரம் கால்தா மினார். கட்டச் சொன்ன கிவா அரசர் முகமது அமீன் கான் 1855-ல் போரில் இறந்துபோனதும் வேலை அப்படியே நின்றுவிட்டது.

கிவாவிலிருந்து புகாரா பாலைவன வழி, ஆறேழு மணி நேரம். ரயிலே நல்லது, அம்மா நடுவில் எழுந்து நடக்கலாம், கழிப்பறையும் இருக்கிறது.

மூன்றில் எனக்கு நெருக்கமான ஊர் புகாரா. சமானி மன்னர்களின் கல்லறை சுமார் ஆயிரத்து நூறு வருஷம் பழையது, வண்ணமே கிடையாது, வெறும் சுட்ட செங்கல்லை அடுக்கியும் திருப்பியும் வைத்தே கூடை முடைந்தது போலச் செய்திருக்கிறார்கள். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை போய்ப் பாருங்கள், நிழல் நகர நகர அந்தச் சுவரின் பின்னலே மாறும். 1127-ல் கட்டிய கல்யான் மினார் சுமார் 46 மீட்டர் உயரம், 1220-ல் செங்கிஸ்கான் படை ஊரை எரித்தபோதும் தப்பி நின்றது. லாபி ஹவுஸ் என்பது குளக்கரை. ஊரில் ஒருகாலத்தில் இப்படிக் குளங்கள் நிறைய இருந்தன, அந்தத் தண்ணீர் வழியே கினிப்புழு நோய் பரவியதால் சோவியத் காலத்தில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டார்கள், தப்பியதில் இது பெரியது. மல்பெரி மரத்தடியில் டீ குடிக்க உட்காரும்போது, கட்டில் மாதிரி இருக்கும் தாப்சானில் சம்மணம் போட வேண்டியிருக்கும். அம்மாவுக்கு நாற்காலி போட்ட மேஜையாகக் கேளுங்கள்.

புகாராவிலிருந்து சமர்கண்டுக்கு அஃப்ரோசியாப் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். ரெகிஸ்தானில் மூன்று மதரஸாக்களும் ஒரே காலத்தவை என்று பலர் நினைக்கிறார்கள். சமர்கண்டை ஆண்ட உலுக் பெக் கட்டியது 1417-1420, எதிரே புலி உருவம் போட்ட ஷேர்-தோர் அதற்கு இருநூறு வருஷம் பிந்தியது, நடுவில் இருக்கும் தில்லா-காரி அதற்கும் பிறகு. உலுக் பெக் வானியல் அறிஞர், தன் மதரஸா முகப்பில் நட்சத்திரங்களாகப் பதித்திருக்கிறார், அதைக் கவனித்துப் பாருங்கள். 1398-ல் டெல்லியைச் சூறையாடித் திரும்பிய தைமூர் மறுவருஷமே தொடங்கிய மசூதி பிபி கானிம், கல் இழுக்க இந்தியாவிலிருந்து கொண்டுபோன யானைகளைப் பயன்படுத்தினார்கள். அளவுக்கு மீறிப் பெரிதாகக் கட்டியதால் சீக்கிரமே விரிசல் விட்டது, 1897 நிலநடுக்கத்தில் மேலும் இடிந்தது, இன்று நிற்பதில் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது. ரெகிஸ்தானுக்கும் இதற்கும் நடுவில் பேட்டரி வண்டி ஓடும், அம்மாவை நடக்க வைக்காதீர்கள். ஷாஹி ஜிந்தாவில் மட்டும் செங்குத்தான படிகள், முப்பதுக்கு மேல் இருக்கும். காலையில் முதல் வேலையாக அங்கே போய் நின்று நின்று ஏறுங்கள், மேலே குறுகலான சந்தில் இரண்டு பக்கமும் நீல ஓட்டுக் கல்லறைகள், அதைத் தவறவிட வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்தில் ஏமாறக்கூடாது. 'ஓஷ்' என்கிற புலாவில் கறித்துண்டை எடுத்துவிட்டு வைத்தாலும் அது கறியோடு வெந்த சோறுதான், காய்கறி சூப்பும் பெரும்பாலும் கறிச்சாற்றில் செய்தது. பூசணி வைத்த சோம்சாவிலும் சில இடங்களில் ஆட்டுக் கொழுப்பு போடுவார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். 'கோஷ்த்சிஸ்' என்றால் இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம், அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தந்தூர் அடுப்பில் சுட்ட ரொட்டி, தக்காளி வெங்காய சாலட், தயிர், கொட்டைகள், அக்டோபரில் மாதுளை, திராட்சை, முலாம்பழம், இவற்றை வைத்தே நன்றாகச் சாப்பிடலாம். கையில் கொஞ்சம் பருப்புப்பொடியும் ஊறுகாயும் இருந்தால் அம்மா நிம்மதியாக இருப்பார்.

விசா இணையத்திலேயே எடுக்கலாம். ஒவ்வொரு விடுதியும் தரும் பதிவுச் சீட்டை ஊர் திரும்பும்வரை பத்திரமாக வையுங்கள். அக்டோபர் சீசன், அஃப்ரோசியாப் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், விற்பனை திறந்த அன்றே எடுத்தால்தான் உண்டு. ஏஜென்டிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: கிவாவில் அறை மதிலுக்கு உள்ளேயா வெளியேயா, புகாராவிலிருந்து சமர்கண்டுக்கு எந்த ரயில், எத்தனை மணிக்கு? பதில் வரவில்லை என்றால் ரயிலையும் அறையையும் நீங்களே பதிவு செய்துகொள்ளுங்கள், அது ஒன்றும் கஷ்டமில்லை.