மனையை விற்காதீர்கள், ஆயாவின் ரவிக்கையைப் பாருங்கள்

போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு குடும்பம், மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்கக் காட்பாடிக்கு வந்து என்னைப் பார்த்தது. அம்மா, அப்பா, இரண்டு முறை நீட் எழுதிய மகள், கூடவே பெரியப்பா. அப்பாவுக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. அம்மா மதிப்பெண் பட்டியலை எடுக்கப் பையைத் திறந்தபோது கூடவே ஒரு பத்திரமும் வெளியே வந்தது. ஊர் ஓரத்தில் சீட்டுப் போட்டு வாங்கிய மனை. அதை விற்று வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கலாம், இல்லாவிட்டால் மூன்றாவது முறை கோச்சிங் என்பது பெரியப்பாவின் கணக்கு. "எதுவுமே ஆகலேன்னா பிசியோவாவது படிக்கட்டும், அதுவும் டாக்டர் மாதிரிதானே" என்றார்.

அம்மா அழுதுவிட்டார். இரண்டு முறை கிடைக்கவில்லை என்பதால் பிள்ளை மக்கு ஆகிவிடாது என்று சொன்னேன். ஆறுதல் அவ்வளவுதான். அதற்கு மேல் சொன்னதெல்லாம் அவர்களுக்குப் பிடிக்காத விஷயங்கள். அவர்களைப் போல நிறைய பேர் இதே யோசனையில் இருப்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் அந்த மனை. வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். என்றால் அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே ஓராண்டு பயிற்சி. திரும்பி வந்து தகுதித் தேர்வு, அதில் தேறினால் இங்கே மறுபடியும் ஓராண்டு பயிற்சி. அத்தனை வருடத்தையும் ஒரு ஷூ கம்பெனிச் சம்பளமும் ஒரு மனையும் தாங்காது. நடுவில் பணம் நின்றால் மனையும் போயிருக்கும், பட்டமும் இருக்காது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்டில் இருக்கும் ஒரே சொத்தை, பிள்ளை கேட்காத படிப்புக்காக விற்கக் கூடாது.

ஆமாம், பிள்ளை கேட்கவே இல்லை. தனியாக உட்கார வைத்து, "உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்றால் ரொம்ப நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம் ஆயாவைப் பற்றி, அதாவது பாட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஆயாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து நாலு மாதத்தில் நடக்க வைத்துவிட்டார். "ஆயா நடக்குது சார். ஆனா ரவிக்கை போட முடியல. ஊக்கு மாட்ட வரல. யாராவது போட்டுவிட்டா அதுக்கு அழுகை வருது." அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெல்க்ரோத் துண்டை இவள் ஊக்குகளுக்குப் பதிலாக ரவிக்கையில் தைத்திருக்கிறாள். இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று ஆயா பிடிவாதம் பிடித்ததால், ஸ்பூன் காம்பில் பழைய லுங்கித் துணியைத் தடிமனாகச் சுற்றி வலது கைப்பிடிக்குள் நிற்க வைத்திருக்கிறாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

இதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்றேன். நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆக்குபேஷனல் தெரபி, சுருக்கமாக ஓ.டி. அப்பாவுக்கு ஓ.டி. என்றால் கம்பெனி ஓவர்டைம், பெரியப்பாவுக்கு ஆபரேஷன் தியேட்டர். தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு வேலை வாங்கித் தரும் படிப்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே தொழில் என்பது சம்பள வேலை மட்டும் இல்லை. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, சமைப்பது, எழுதுவது, குழந்தைக்கு விளையாட்டு என்று ஒருவர் தன் நாளை நிரப்பும் எல்லாமே அதில் அடக்கம்.

பிசியோவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆயாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தசைக்குப் பலம் ஏற்றுவது, மூட்டு இறுகாமல் பார்ப்பது, நிற்கும்போது சாயாமல் பழக்குவது, நடையைத் திருப்பிக் கொண்டுவருவது பிசியோதெரபிஸ்ட் கவனிக்கும் பக்கம். அந்தக் காலும் கையும் வைத்து ஆயா தன் காலைப் பொழுதை எப்படிக் கழிக்கப் போகிறார் என்பது ஓ.டி. கவனிக்கும் பக்கம். ரவிக்கை போடும்போது வலுவிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். இதைத் தெரிந்தவர் ஒரு வாரம் பொறுமையாகப் பழக்கினாலே பாதி அழுகை நின்றுவிடும். இரண்டு வேலையும் சில இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். நல்ல மருத்துவமனையில் இருவரும் ஒரே நோயாளியைச் சேர்ந்துதான் பார்ப்பார்கள். பிசியோ குறைந்த படிப்பு என்று நான் சொல்லவில்லை. உங்கள் பிள்ளை கபடி, ஓட்டம், தசை, எலும்பு என்று பேசுகிறவளாக இருந்தால் யோசிக்காமல் பிசியோவுக்கே அனுப்புவேன். இவள் ஸ்பூன் காம்பைப் பற்றிப் பேசுகிறாள்.

நர்சிங், பார்மசி, லேப் டெக்னாலஜி பற்றி உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

ஓ.டி. வகுப்பில் உடற்கூறு, நரம்பியல் எல்லாம் உண்டு. கூடவே உளவியலும் மனநல மருத்துவமும் உண்டு. கையால் செய்கிற வேலையும் நிறைய. ஸ்ப்ளின்ட், அதாவது கையையும் விரலையும் சரியான நிலையில் தாங்கும் பட்டை, செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் இந்தப் படிப்பின் ருசி தெரியும். ஒரு தெர்மோபிளாஸ்டிக் தகட்டை நோயாளியின் கை அளவுக்கு வெட்டி, வெந்நீரில் போட்டால் துணி மாதிரி துவளும். அதை எடுத்துத் துடைத்து, கை மேல் வைத்து, விரல் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டுமோ அப்படிப் பிடித்துக்கொண்டால் சில நிமிடத்தில் இறுகிவிடும். எலும்பு துருத்தும் இடத்தில் அழுத்தினால் புண் வரும், தளர்ந்தால் பயன் இல்லை. ஆம்பூரில் அப்பா தோலை வெட்டுகிற கண்ணும் கையும்தான் இதற்கும் வேண்டும். இதைச் சொன்னபோதுதான் அப்பா முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதோடு முடியவில்லை. மூளை வாதம் உள்ள குழந்தைக்குப் பென்சில் பிடிக்கப் பழக்குவது, ஆட்டிசம் உள்ள குழந்தை சத்தத்துக்கும் தொடுதலுக்கும் மிரளாமல் பள்ளியில் உட்கார வழி செய்வது, மனநோயிலிருந்து மீண்டவரை ஒரு நாள் ஒழுங்குக்குள் மெல்லக் கொண்டுவருவது, முதுகுத்தண்டு அடிபட்டவர் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறப் பயிற்சி தருவது எல்லாம் இந்த வேலைதான். வீட்டையும் போய்ப் பார்க்க வேண்டும். வாசலில் ஓர் அடி உயரப் படி இருந்தால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நம் ஊர் தெருவில் அதை எங்கே வைப்பது என்று யோசிப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

வேலூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு வருத்தம். அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு, அதாவது சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றிப் பொருத்தி நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தவர்கள் ஊருக்குப் போனால் வேலை கொடுப்பார் இல்லை. பிச்சை எடுத்தவர்களுக்கோ மடங்கிய கையைக் காட்டி வாங்கிய காசும் நின்றது. கையைச் சரிசெய்தால் போதாது, அந்தக் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று புரிந்துதான் நவஜீவ நிலையம் என்ற மறுவாழ்வு மையத்தைத் தொடங்கி, தச்சு வேலையும் மரப் பொம்மை செய்யவும் பழக்கினார்கள். அப்புறம் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். வேலூர் பாகாயத்தில் 1966இல் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் வந்தது. உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம்.

இனி நடைமுறை. படிப்பின் பெயர் பி.ஓ.டி. படிப்பும் பயிற்சியும் சேர்ந்து நாலரை, ஐந்து வருடம் ஆகும். சி.எம்.சி.யில் இருக்கிறது, ஆனால் இடம் மிகக் குறைவு. அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., கோவை கே.எம்.சி.எச். என்று வேறு இடங்களும் உண்டு. 2021இல் வந்த துணை மருத்துவப் பணியாளர் சட்டத்துக்குப் பிறகு பிசியோ, ஓ.டி. இரண்டிலும் சேர்க்கை விதிகள் மாறி வருகின்றன. சேரும் வருடத்தின் கையேட்டை வரி வரியாகப் படியுங்கள், நீட் மதிப்பெண் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். "தெரபி டிப்ளமோ, ஆறு மாதம், வேலை உறுதி" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள்.

சம்பளத்தைப் பற்றிப் பெரியப்பா கேட்டார். ஆரம்பத்தில் பெரிதாக இருக்காது, பிசியோவிலும் அப்படித்தான். வெளிநாடு போக ஒவ்வொரு நாட்டுக்கும் தனித் தகுதி, தனிப் பதிவு வேண்டும். அதை நம்பிச் சேர்க்காதீர்கள். கட்டணம் அதிகம் கேட்டால் அந்தக் கல்லூரியை விட்டு அடுத்ததைப் பாருங்கள். கல்விக்கடன் ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் கிடைக்க வழி இருக்கிறது. அதற்கு மேல் போகிற எந்தக் கணக்கும் இந்தக் குடும்பத்துக்கு வேண்டாம்.

கிளம்பும்போது ஒன்று கேட்டுக்கொண்டேன். முடிவு எடுப்பதற்கு முன் அனுமதி கேட்டு ஒரு மறுவாழ்வுப் பிரிவில் அரை நாள் மகளை உட்கார வையுங்கள். பெரியப்பாவும் கூடப் போகட்டும். அந்த ரவிக்கையைக் கையோடு எடுத்துப் போய் அங்கிருக்கும் ஓ.டி.யிடம் காட்டி, இன்னும் எப்படித் தைக்கலாம் என்று அவளே கேட்கட்டும். அம்மா தலையாட்டினார். மனைப் பத்திரத்தை மடித்துப் பையின் அடியில் வைத்துக்கொண்டார்.