கருக்கலைப்புக்குத் தடை என்றால் அது மட்டும்தானே நிற்க வேண்டும்? மற்ற சிகிச்சை தரும் பெண்கள் கிளினிக்குகள் ஏன் மூடப்படுகின்றன?

கேள்வி அமெரிக்காவைப் பற்றியது. சில மாநிலங்கள் கருக்கலைப்பைத் தடை செய்த பிறகு, உள்ளூர்ப் பெண்கள் நல கிளினிக்குகள் இழுத்து மூடப்படுவதாகச் செய்தி வருகிறதே, தடை செய்ததை விட்டுவிட்டு மற்றதைத் தொடர வேண்டியதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் தடையை ஆதரிக்கும் அரசியல்வாதிகளும் இதையேதான் கேட்கிறார்கள்.

நான் மருத்துவர் இல்லை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு இரவு ஷிப்டில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு பில்லிங் பார்க்கும் பல்லாயிரம் பேரில் ஒருத்தி. மகப்பேறு, பெண்கள் நலக் கணக்குகள்தான் பெரும்பாலும் என் மேசைக்கு வரும். எங்கள் வாடிக்கையாளர்களைப் பற்றியோ நோயாளிகளைப் பற்றியோ எதுவும் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் ஒரு கிளினிக் எந்தக் காசில் ஓடுகிறது என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். நான் படித்த செய்திகளையும் தீர்ப்புகளையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

பாப் ஸ்மியர் என்கிற கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். வருகிற பெண்ணுக்கு மெடிக்கெய்ட் இருக்கிறது, அதாவது ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு. பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். காப்பீட்டுப் பணம் கேட்டு கிளெய்ம் போகும். சிகிச்சைக்கான குறியீட்டில் ஓர் இலக்கம் பிசகினால் டினையல் ஆகி, அதாவது நிராகரிக்கப்பட்டு, திரும்பி வரும். நள்ளிரவில் இங்கிருந்து போன் போட்டு, காத்திருப்பு இசையை அரை மணி நேரம் கேட்டு, காரணம் விசாரித்து, திருத்தி மறுபடி அனுப்புவோம். வாரக்கணக்கில் இழுத்துக் கடைசியில் வருகிற தொகை செவிலியின் சம்பளத்துக்கும் சோதனைக் கூடத்துக்கும் போதுமா என்பதே சந்தேகம். கையில் பொருத்தும் கருத்தடைக் குச்சி இன்னும் மோசம். ஒவ்வொன்றையும் பல நூறு டாலர் கொடுத்து கிளினிக் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். பணம் எப்போது வரும் என்பது காப்பீட்டுக்காரர்களின் இஷ்டம். காப்பீடே இல்லாத பெண்கள் வந்தால் அவர்களுடைய வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும்.

கருக்கலைப்பின் கணக்கு வேறு. 1976-இல் வந்த ஹைட் திருத்தம், சில விதிவிலக்குகள் தவிர, மத்திய அரசுப் பணத்தை அதற்குச் செலவிட விடுவதில்லை. பல மாநிலங்கள் தனியார் காப்பீட்டுக்கும் கட்டுப்பாடு வைத்தன. ஆகவே அந்த மாநிலங்களில் அது பெரும்பாலும் ரொக்கம். நோயாளியோ அவருக்கு உதவும் நிதி அமைப்போ அன்றைக்கே கட்டிவிடுவார்கள். கிளெய்மும் இல்லை, டினையலும் இல்லை. இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்த சுயேச்சையான கிளினிக்குகளில் வாடகையும் சம்பளமும் இந்தப் பணத்தை நம்பித்தான் இருந்தன. நஷ்டத்தில் நடந்த சேவைகளுக்கும் இதுதான் ஈடு. இந்த வேடிக்கையை யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. கருக்கலைப்புக்கு அரசுப் பணம் கூடாது என்று கதவை அடைத்தவர்கள், அதை ரொக்கத் தொழிலாக்கி, மற்ற சிகிச்சைகளையும் அதன்மேல் சாய வைத்துவிட்டார்கள்.

2022 ஜூன் 24 அன்று ‘டாப்ஸ் எதிர் ஜாக்சன் பெண்கள் நல அமைப்பு’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்தது. அடுத்த நூறு நாளில் 15 மாநிலங்களில் 66 கிளினிக்குகள் கருக்கலைப்பை நிறுத்திவிட்டதாகக் கட்மாக்கர் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அவற்றில் 40 மற்ற சேவைகளைத் தொடர்ந்தன. 26 அடியோடு மூடப்பட்டன. நீங்கள் சொன்னபடி ‘மற்றதைத் தொடர’ முடியாதவை இந்த 26.

வழக்கின் பெயரில் இருக்கும் கிளினிக்கே அப்படித்தான் போனது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய கட்டடம். மாநிலத்தில் மிஞ்சியிருந்த ஒரே கருக்கலைப்பு மையம். ஜூலை முதல் வாரத்தோடு வேலை நின்றது. நிர்வாகம் ஏறத்தாழ ஆயிரம் மைல் தள்ளி, நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ் நகருக்குக் கடையை மாற்றியது. வட டகோட்டாவின் ஃபார்கோவில் இருந்த கிளினிக்குக்குக் கொடுப்பினை கொஞ்சம் அதிகம். ஊருக்குப் பக்கத்தில் ஓடும் சிவப்பு ஆற்றைத் தாண்டினால் மினசோட்டா, அங்கே தடை இல்லை. இணையத்தில் நன்கொடை திரட்டி, காரில் சில நிமிட தூரத்தில் இருக்கும் மூர்ஹெட் நகருக்கு மாறிவிட்டார்கள். பூகோளம் எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை.

தங்கியவர்களின் கதைதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். அலபாமாவின் டஸ்கலூசாவில் இருக்கும் மேற்கு அலபாமா பெண்கள் மையம் மாநிலத்திலேயே அதிகக் கருக்கலைப்பு நடந்த இடம். தடை வந்ததும் மூடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். கருத்தடை, கர்ப்பகாலப் பரிசோதனை, பால்வினை நோய்ச் சிகிச்சை என்று மாற்றிக்கொண்டார்கள். சுற்றுவட்டாரத்தில் காப்பீடு இல்லாத பெண்களுக்கு அப்படி ஓர் இடம் தேவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நோயாளிகள் வந்தால் போதாது, பணமும் வர வேண்டுமே. ஏழைப் பெரியவர்களுக்கு மெடிக்கெய்டை விரிவுபடுத்த மறுத்த மாநிலங்களில் அலபாமாவும் ஒன்று. ரொக்கத்தில் ஓடிய கிளினிக் காப்பீட்டுக்கு மாற வேண்டுமென்றால் ஒவ்வொரு காப்பீட்டிலும் ஒவ்வொரு மருத்துவரையும் பதிவு செய்ய வேண்டும். எங்கள் அனுபவத்தில் அதற்கு மூன்று நான்கு மாதம் என்பது சாதாரணம். ஒரு படிவத்தில் முகவரி ஒத்துவரவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. அதுவரை பார்க்கும் நோயாளிகளுக்கான காசு வருமா வராதா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்த மையம் நன்கொடையில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

போதாக்குறைக்கு, வேறு மாநிலத்துக்குப் போகப் பெண்களுக்கு உதவுகிறவர்கள்மீது கூட்டுச்சதி வழக்குப் போடலாம் என்று அலபாமாவின் அட்டர்னி ஜெனரல் சொல்லிவைத்திருந்தார். நோயாளி வந்து கேட்டால், பக்கத்து மாநிலத்தில் எங்கே போகலாம் என்று சொல்லக்கூடப் பயம். இந்த மையமும் சேர்ந்து தொடுத்த வழக்கில், அப்படித் தண்டிக்க முடியாது என்று மத்திய நீதிபதி தீர்ப்பளித்தது 2025 மார்ச்சில். கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் வாயைக் கட்டிக்கொண்டு மருத்துவம் பார்த்திருக்கிறார்கள்.

2022-ஐ மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். கருக்கலைப்பே செய்யாத இடங்களும் அடி வாங்கியிருக்கின்றன, அதுவும் டாப்ஸுக்கு வெகு முன்பே. 2011-இல் டெக்சாஸ் சட்டமன்றம் குடும்ப நல நிதியை மூன்றில் இரண்டு பங்கு வெட்டியது. இரண்டாண்டுக்கு 111 மில்லியன் டாலராக இருந்தது சுமார் 38 மில்லியன் ஆனது. குறி, நாடெங்கும் பெண்கள் நல கிளினிக்குகள் நடத்தும், கருக்கலைப்புடன் தொடர்புடைய பிளான்ட் பேரன்ட்ஹுட் அமைப்பு. ஆனால் மூடப்பட்ட அல்லது குடும்ப நலச் சேவையை நிறுத்திய 82 கிளினிக்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்த அமைப்புக்குச் சொந்தமானவையே அல்ல. கருக்கலைப்புக்கு இந்தப் பணத்தில் ஒரு காசுகூட ஏற்கெனவே போகவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

2013-இல் ஏழைப் பெண்களுக்கான கருத்தடைத் திட்டத்திலிருந்தும் பிளான்ட் பேரன்ட்ஹுட்டை டெக்சாஸ் வெளியேற்றியது. அதன் விளைவை அளந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. மூன்று மாதத்துக்கொருமுறை கருத்தடை ஊசி போட்டுவந்த பெண்கள் பலரால் அதைத் தொடர முடியவில்லை. அவர்களிடையே மெடிக்கெய்ட் செலவில் நடந்த பிரசவங்கள் 27 சதவீதம் கூடியிருந்தன. ஆய்வில் பங்கேற்ற மாநில சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர், சட்டமன்ற உறுப்பினர்களின் கோபத்துக்குப் பிறகு ஓய்வு பெற்றுக்கொண்டு போனார். முடிவு பிடிக்கவில்லை என்றால் ஆய்வாளரை அனுப்பிவிடுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான் போலிருக்கிறது.

இந்தியானாவின் ஸ்காட் மாவட்டத்தையும் சொல்ல வேண்டும். அங்கிருந்த சிறிய பிளான்ட் பேரன்ட்ஹுட் கிளினிக் கருக்கலைப்பு செய்ததில்லை. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அந்த மாவட்டத்தில் அது ஒன்றுதான் இடம். அரசு நிதிக் குறைப்புகளுக்கு நடுவில் 2013-இல் மூடப்பட்டது. 2015-இல் போதை ஊசி வழியாக அங்கே எச்.ஐ.வி. பரவியபோது, ஒரு சின்ன மாவட்டத்தில் தொற்றியவர்கள் எண்ணிக்கை இருநூறை நெருங்கியது. கிளினிக் இருந்திருந்தால் தொற்றே வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். முன்பே தெரிந்திருக்கும் என்று சொல்லலாம்.

பணத்தை வெட்டாமல் விதிகளாலும் நெரிக்கலாம். டெக்சாஸின் 2013 சட்டம் கருக்கலைப்பை முழுதாகத் தடை செய்யவில்லை. பெண்களின் பாதுகாப்புக்காக என்றே சொன்னார்கள். கருக்கலைப்பு மாத்திரை கொடுக்கும் கிளினிக்கும் அறுவைச் சிகிச்சை மையத்துக்குரிய கட்டட விதிகளுக்கு உட்பட வேண்டும். அதற்கு ஒவ்வொரு கிளினிக்குக்கும் 10 லட்சம் முதல் 30 லட்சம் டாலர் வரை பிடிக்கும். மருத்துவருக்கு 30 மைலுக்குள் ஏதாவது ஒரு மருத்துவமனையில் நோயாளியைச் சேர்க்கும் அனுமதி இருக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல மருத்துவமனைகள் அந்த அனுமதியைத் தர, ஆண்டுக்கு இத்தனை நோயாளிகளைச் சேர்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். கருக்கலைப்புக்குப் பின் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை மிக அரிது என்பதால் அந்த எண்ணிக்கை எட்டாது. 38 ஆண்டு அனுபவமும் 15,000-க்கு மேல் பிரசவம் பார்த்த கையும் உள்ள ஒரு மகப்பேறு மருத்துவருக்கு, சுற்றியிருந்த ஏழு மருத்துவமனைகளில் ஒன்றுகூட அனுமதி தரவில்லை என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

அந்த விதிகளை 2016 ஜூனில் நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் தூக்கி எறிந்தது. அதற்குள் சுமார் 40 ஆக இருந்த கருக்கலைப்பு கிளினிக்குகள் பாதியாகிவிட்டன. வழக்கில் ஜெயித்தும் பெரும்பாலானவை திரும்பத் திறக்கவில்லை. மூடிய கிளினிக்கைத் திறப்பதென்றால் புதிய உரிமம், புதிய வாடகை ஒப்பந்தம், வேறு வேலைக்குப் போய்விட்ட செவிலிகளுக்குப் பதில் ஆட்கள் என்று எல்லாம் முதலிலிருந்து. பில்லிங் பக்கமும் அப்படியே, காப்பீட்டுப் பதிவுகள் காலாவதியாகியிருக்கும்.

மருத்துவமனைகளும் தப்பவில்லை. ஐடஹோ மாநிலத்தில் தடையை மீறும் மருத்துவருக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறை. 2023 மார்ச்சில் சாண்ட்பாயின்ட் நகர மருத்துவமனை பிரசவப் பிரிவையே மூடுவதாக அறிவித்தது. மாநிலத்தின் சட்ட, அரசியல் சூழலால் மருத்துவர்கள் வெளியேறுவதை அது வெளிப்படையாகவே காரணமாகச் சொன்னது. குழந்தை மருத்துவர்கள் கிடைக்காததும் பிரசவ எண்ணிக்கை குறைந்ததும்கூடக் காரணங்கள்; எல்லாவற்றையும் தடையின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் அந்த ஊர்ப் பெண்களுக்கு இப்போது பிரசவ வலி எடுத்தால் 45 மைலுக்கு மேல் போக வேண்டும், பனிக்காலத்திலும்.

சரி, ஒரு கிளினிக் போனால் இன்னொன்று இல்லையா என்பீர்கள். லூசியானா அரசும் அதைத்தான் 2015-இல் நீதிமன்றத்தில் சொன்னது. மெடிக்கெய்டிலிருந்து பிளான்ட் பேரன்ட்ஹுட்டை நீக்கினால் அதன் நோயாளிகளைப் பார்க்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்தது. பார்த்தால் அதில் பல் மருத்துவர்கள், கண் மருத்துவர்கள், முதியோர் பராமரிப்பு இல்லங்கள். பாப் ஸ்மியருக்குப் பல் மருத்துவரிடம் போகச் சொல்கிற கிளெய்மை நாங்கள் அனுப்பினால் முதல் சுற்றிலேயே திரும்பிவிடும்! நீதிபதி கேள்வி கேட்ட பிறகு பட்டியல் 29 பேராகச் சுருங்கியது. அந்த முறை அரசின் முயற்சி நின்றுபோனது.

2025-இல் நிலைமை மாறிவிட்டது. ஜூனில், பிளான்ட் பேரன்ட்ஹுட்டைத் தங்கள் மெடிக்கெய்டிலிருந்து மாநிலங்கள் விலக்கினால் நோயாளிகள் வழக்குப் போட முடியாது என்று தென் கரோலினா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜூலையில், கருக்கலைப்பும் செய்து பெருமளவில் மெடிக்கெய்ட் பணமும் பெறும் அமைப்புகளுக்கு ஓராண்டுக்கு அந்தப் பணத்தை நிறுத்தி மத்திய அரசே சட்டம் போட்டது. கருக்கலைப்புக்குத் தடையே இல்லாத மெய்ன் மாநிலத்தில் ஒரு குடும்ப நல அமைப்பு, காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று பார்த்துவந்த பொது மருத்துவத்தைக் கைவிட்டது. லூசியானாவில் அந்தப் பழைய வழக்குக்குக் காரணமான நியூ ஆர்லியன்ஸ், பாட்டன் ரூஜ் கிளினிக்குகள் இரண்டும் செப்டம்பர் கடைசியில் மூடப்பட்டன. அவை இரண்டிலும் ஒருநாளும் கருக்கலைப்பு நடந்ததில்லை.