ஓப்பன் வேர்ல்டு கேம்களில் மிஷன் எதையும் முடிக்காமல் சும்மா சுற்றிக்கொண்டே இருப்பது நேர விரயமா?

இல்லை. ஓப்பன் வேர்ல்டு என்றால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம் என்று விட்டுவிடுகிற கேம், மிஷன் என்றால் அதில் கதையை நகர்த்தும் வேலை. சுற்றுவதற்கென்றே கட்டிய உலகத்தில் சுற்றுவது எப்படி விரயமாகும்?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்ததையும் படித்தேன். நண்பர்கள் எல்லாரும் கதையை முடித்துவிட்டு அடுத்த கேமுக்குப் போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் இன்னும் ஏதோ ஒரு மலையில் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். "நீ எப்பத்தான்டா முடிப்ப?" என்று கேலி. கல்லூரி விடுதியில் இருப்பவர் என்று நினைக்கிறேன், அங்கேதான் இந்தக் கேலி இவ்வளவு உறைக்கும். எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் வந்து நிற்பார்கள். கேம் பைத்தியம் பிடித்துப் படிப்பைத் தொலைத்த பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். அதை நியாயப்படுத்த இதை எழுதவில்லை. வேலைக்குப் போகிறேன், வீட்டுக் கடன் கட்டுகிறேன், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கிற நேரத்தில் விளையாடுகிறேன். அந்த நேரத்தில் டிவியில் சீரியல் பார்க்கிறவரை யாரும் "எப்ப முடிப்பீங்க?" என்று கேட்பதில்லை.

எங்கள் காலத்தில் காரைக்குடியில் பிரவுசிங் சென்டர்தான். மணிக்கணக்குக்குக் காசு. 'வைஸ் சிட்டி' என்ற கேம் எல்லா மெஷினிலும் இருக்கும், ஒரு கடற்கரை நகரத்தில் நடப்பது. பையன்கள் வந்ததும் 'பேன்சர்' என்ற சீட் கோடைத் தட்டி டாங்கியை இறக்கி, தெருவில் போகிற வண்டியை எல்லாம் வெடிக்க வைப்பார்கள். எனக்கு ஓஷன் பீச்சின் தெற்கு முனையில் இருக்கும் கலங்கரை விளக்கத்துக்குப் போக வேண்டும். கடற்கரையில் பொழுது விடிவதைப் பார்க்க வேண்டும். புயல் எச்சரிக்கை என்று மேற்குத் தீவுக்குப் போகும் பாலங்களைத் தொடக்கத்தில் அடைத்து வைத்திருப்பார்கள், அந்தத் தடுப்புக்கு முன்னால் போய் நின்று எதிர்க்கரையில் என்ன தெரிகிறது என்று பார்ப்பேன். பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிற கூட்டத்துக்கு இது பொறுக்காது. "மிஷன் போடுறா, இல்லாட்டி எந்திரி." சென்டர் அண்ணனும் அவர்கள் பக்கம்தான். கட்டின காசு என்னுடையது என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது 2020 ஊரடங்கில் நடந்தது.

சென்னையிலிருந்து ஊருக்கு, பள்ளத்தூருக்கு வந்தவன் அங்கேயே இருந்துவிட்டேன். ஸ்விட்ச் என்கிற நின்டெண்டோ கேம் கருவியைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். பெரிய வீட்டில் அப்பத்தாவும் நானும், சமையலுக்கு ஓர் அக்காவும்தான். வளவுக்கு, அதாவது வீட்டின் நடு முற்றத்துக்கு, பக்கத்து அறையில் டிவி. 'பிரெத் ஆஃப் தி வைல்டு' போட்டிருந்தேன். நின்டெண்டோ 2017 மார்ச்சில் வெளியிட்டது, 'செல்டா' வரிசையில் வந்த கேம். அப்பத்தா ஒரு நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இவன் எங்க போறான்?"

"அந்தக் கோட்டைக்குள்ள கானன்னு ஒரு அரக்கன் இருக்கான் அப்பத்தா. அவனைக் கொல்லணும்."

"அவன் எங்கயும் ஓடிப் போயிருவானா?"

"இல்ல, அங்கயேதான் இருப்பான்."

"அப்ப மெதுவாப் போ. அந்த மலைக்கு அங்கிட்டு என்ன இருக்கு?"

இந்தக் கேம் எப்படிக் கட்டப்பட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தொடக்கத்தில் ஒரு பீடபூமியில் இருப்பீர்கள். அங்கே உள்ள நான்கு சன்னதிகளை, அதாவது புதிர் வைத்த சின்னக் கோயில்களை, முடித்தால் காற்றில் மிதந்து இறங்க உதவும் பாராக்ளைடர் கைக்கு வரும், 'கானனை அழி' என்ற வேலையும் அப்போதே வந்துவிடும். நேரே கோட்டைக்குப் போனால் தடுக்க ஆளில்லை. போகாமலே இருந்தாலும் கேட்க ஆளில்லை. கோபுரத்தில் ஏறினால் மேப்பில் நிலத்தின் வடிவமும் இடப் பெயர்களும் மட்டும் வரும், சன்னதி எங்கே இருக்கிறது என்று காட்டாது. நீங்களே ஸ்கோப் வைத்துப் பார்த்து, கண்ணில் பட்டதற்கு ஒரு பின் குத்திக்கொள்ள வேண்டும்.

அப்பத்தாவுக்குப் பட்டன் எதுவும் தெரியாது. ஆனால் கண் இருந்தது. ஒரு நாள் பாதையோரம் சின்னச் சின்னக் கற்சிலைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கிண்ணம், அதில் ஓர் ஆப்பிள். நான் கடந்துவிட்டேன். "ஏப்பா, திரும்பு. ஒரு சாமிக்கு மட்டும் படைக்காம விட்டுருக்கு பாரு." திரும்பிப் பார்த்தால் ஒரு கிண்ணம் காலி. பையில் இருந்த ஆப்பிளை எடுத்து அதில் போட்டேன். 'யாஹாஹா' என்று சத்தம், கொரோக் என்கிற இலைமுகக் குட்டி ஒன்று குதித்து வந்து ஒரு விதையைக் கொடுத்தது. அப்பத்தா கை தட்டினார். அதற்குப் பிறகு டிவி முன்னால் அவர் உட்காராத நாள் குறைவு. வட்டமாக அடுக்கிய கற்களில் ஒன்று குறைந்தால் "ஒரு கல்லக் காணோமே" என்பார். நான் தேடி எடுத்து வைப்பேன், இன்னொரு கொரோக் வரும்.

இந்தக் கொரோக்குகள் மொத்தம் 900. பையில் இருக்கும் இடங்களை முழுவதும் பெருக்கிக்கொள்ள 441 விதை போதும். 900-ஐயும் எடுத்தவருக்குக் கிடைப்பது பொன்னிறச் சாணிக் குவியல் மாதிரி ஒரு பொருள், அதனால் எந்தப் பயனும் கிடையாது. சிலர் இதைக் கேட்டுக் கோபப்படுகிறார்கள். எனக்குச் செய்தவர்கள் மீது மரியாதை கூடியது. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பொறுக்கு என்று அவர்கள் 900 வைக்கவில்லை. யார் எந்தத் திசையில் நடந்தாலும், எங்கே நின்று எதை உற்றுப் பார்த்தாலும், அந்தப் பார்வைக்கு ஒரு பதில் கிடைக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வழியோடு போகிறவர் சிலவற்றைப் பார்ப்பார், என் அப்பத்தா மாதிரி ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் கொஞ்சம் பார்ப்பார்.

சோரா என்ற நீர்வாழ் மக்களின் ஊருக்குப் போகும் வழி முழுக்க மழை. இந்தக் கேமில் மழை பெய்தால் பாறை வழுக்கும், ஏற முடியாது, ஆற்றோரமாக நடந்தேதான் போக வேண்டும். ஊர் கண்ணில் பட்டதும் அப்பத்தா கேட்டார்: "இம்புட்டுத் தண்ணி இறங்குதுன்னா மேல கம்மாய் இருக்கணும்ல? கரை தாங்குமா?" நான் அதுவரை மேலே போகவே இல்லை. போனால் உண்மையிலேயே அணை கட்டிய ஒரு நீர்த்தேக்கம். அது உடைந்தால் கீழே எல்லாம் போய்விடும் என்பதுதான் அந்தப் பகுதியின் கதையே. எங்கள் பக்கம் செம்மண் காடு, வானம் பார்த்த பூமி. கூரைத் தண்ணீர் வளவுக்குள் இறங்கும், தெருத் தண்ணீர் வரத்துக்கால் வழியாக ஊருணிக்குப் போகும். மழை பெய்தால் மறுகால் பாய்கிறதா என்று பார்க்கப் போவது இங்கே ஒரு பழக்கம். அப்படி வளர்ந்த ஒருவர் ஜப்பானில் வரைந்த ஒரு மலையைப் பார்த்து அதன் உச்சியில் என்ன இருக்கும் என்று சொன்னார், சொன்னது இருந்தது. உலகம் என்று சொல்லிக்கொள்கிற ஒரு கேமுக்கு இதுதான் பரீட்சை என்பது என் கருத்து. தண்ணீருக்கு ஊற்றுக்கண் இருக்க வேண்டும், பாதை என்று ஒன்று இருந்தால் அது போய்ச் சேர்கிற இடமும் இருக்க வேண்டும்.

இதைத் தற்செயல் என்று நினைக்காதீர்கள். 2017-இல் ஜப்பானில் நடந்த செடெக் என்ற கேம் உருவாக்குபவர்கள் மாநாட்டில் இதை உருவாக்கியவர்களே விளக்கினார்கள். நிலத்தை முக்கோணங்களாக அமைத்திருக்கிறார்கள். முக்கோண மேடு பின்னால் இருப்பதை மறைக்கும், ஏறுவதா சுற்றிப் போவதா என்று உங்களைத் தேர்ந்தெடுக்க வைக்கும், எந்தப் பக்கம் போனாலும் மறைந்திருந்த ஏதோ ஒன்று மெல்லத் தலைகாட்டும். அதைப் பார்க்கப் போனால் அதற்குப் பின்னால் இன்னொன்று. இன்னும் முன்னால் போனால், 1986-இல் முதல் 'செல்டா'வைச் செய்த மியாமோட்டோ, கியோட்டோவுக்குப் பக்கத்தில் சோனோபே என்ற ஊரில் சிறுவனாகக் காடு மேடெல்லாம் அலைந்து குகைகளைக் கண்டுபிடித்த நினைவில்தான் அதைச் செய்ததாகச் சொல்லியிருக்கிறார். சும்மா சுற்றிய ஒரு பையனிடமிருந்து வந்ததுதான் இந்த வகையே. உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, எதிர்க்கட்சியின் வாதத்தையும் பார்த்துவிடுவோம். "ஓப்பன் வேர்ல்டே போர், மேப் முழுக்கக் குறி, ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்க வேண்டும்" என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. கோபுரம் ஏறு, மேப்பில் நாற்பது குறி முளைக்கும், ஒவ்வொரு குறிக்கும் போ, பெட்டியைத் திற, அடுத்தது. நானும் அப்படிப்பட்ட கேம்களில் அலுத்திருக்கிறேன். அங்கே பார்ப்பதற்கு வேலையே இல்லை, கண் மேப்பிலேயே இருக்கும். அதற்குப் பெயர் சுற்றுவது இல்லை, பட்டியல் அடிப்பது. நீங்கள் செய்வதும் அதுவும் ஒன்று என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எல்லாக் கேமும் அப்படி இல்லை. 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' (2020) அம்புக்குறியை எடுத்துவிட்டுக் காற்றை வழிகாட்டியாக வைத்தது, போக வேண்டிய திசையில் புல் சாயும். 'எல்டன் ரிங்' (2022) ஓய்விடங்களில் ஒரு பொன்னிற ஒளிக்கீற்றைத் தரும், இதுதான் கதையின் வழி என்று. ஆனால் தொடக்கப் பகுதியான லிம்கிரேவில் மிஸ்ட்வுட் காட்டுக்குள் ஒரு பழைய கட்டடம், உள்ளே ஒரு லிஃப்ட். ஏறி நின்றால் இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது. அடியில் சியோஃப்ரா ஆறு, தலைக்கு மேலே நட்சத்திரங்கள் பூத்த மாதிரி ஒரு கூரை. பிரதான கதைக்கு அங்கே போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இவ்வளவு உழைப்பைப் பார்க்காமலே போகக்கூடிய இடத்தில் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

இதைச் சொல்லும்போது எனக்கு வேறொரு வயிற்றெரிச்சல் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு வீடு ஒன்றுக்குள் நீங்கள் போயிருந்தால் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். வளவைச் சுற்றி ஒவ்வொரு மகனின் பங்குக்கும் அறை. எங்கள் வீட்டில் பெரும்பாலான அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. சாவி வெவ்வேறு ஊர்களில், சிலது வெவ்வேறு நாடுகளில். அப்பத்தா கல்யாணமாகி வந்த காலத்தில் ஆண்கள் இருக்கும்போது பெண்கள் முகப்புப் பக்கம் வருவதில்லை. இப்போது தடுக்க ஆளில்லை, ஆனால் கதவு பூட்டியிருக்கிறது. ஓடு உடைந்து மழைத் தண்ணீர் பூட்டிய அறைக்குள் இறங்குகிறது, வெளியிலிருந்தே ஓதம் தெரிகிறது. சரி பண்ணலாம் என்றால் ஒரு பங்காளி போனை எடுப்பதில்லை, இன்னொருவர் "எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணலாம்" என்கிறார். அந்த எல்லாரும் இதுவரை ஒரு தேதியில் சேர்ந்தது கிடையாது. இதே பேச்சில் "தூணு, நிலை எல்லாம் நல்ல விலைக்குப் போகுதாமே" என்று மட்டும் தவறாமல் கேட்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சாய்த்து வைத்திருக்கும் ஒவ்வொரு பர்மாத் தேக்குத் தூணும் ஏதோ ஒரு வீட்டில் நின்றது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, வந்ததை அவர் வாங்குகிறார். கொண்டுபோய்க் கொடுத்தவர்களைத்தான் சொல்கிறேன். ஒரு கேமில் உள்ள கட்டடத்தின் மூலைமுடுக்கெல்லாம் எனக்குத் தெரியும். என் சொந்த வீட்டின் மேற்குப் பக்க அறைகளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். லேப்டாப் பழையது, ஏற்ற கேம் ஒன்று சொல்லுங்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். 'ஸ்கைரிம்' போடுங்கள். 2011-இல் வந்த முதல் பதிப்பு சுமாரான லேப்டாப்பிலும் ஓடும். தொடக்கத்தில் ஹெல்கன் என்ற ஊரிலிருந்து தப்பித்து வெளியே வந்ததும், கூட வருபவர் ரிவர்வுட்டுக்குப் போகலாம் என்பார். போக வேண்டியதில்லை, உங்களுக்குப் பிடித்த பக்கம் நடக்கலாம். மேப்பில் தட்டி ஒரே தாவாகப் போகும் வசதியைத் தொடாதீர்கள். பெரிய ஊர்களின் லாயத்துக்குப் பக்கத்தில் குதிரை வண்டி நிற்கும், தூரம் போக அது போதும். பின்னால் ஸ்விட்ச் வாங்கினால் 'பிரெத் ஆஃப் தி வைல்டு' அமைப்புகளில் 'ப்ரோ' என்று ஒன்று உண்டு, அதைத் தேர்ந்தெடுத்தால் மூலையில் இருக்கும் மினி மேப் போய்விடும். முதல் நாளே அதைச் செய்யுங்கள்.