கேள்வி நேரம்: வருஷா வருஷம் அதே பின்னமா?

இந்த வாரத் தபாலில் பாதி பள்ளிக்கூடப் பாடத்திட்டத்தைப் பற்றியே இருந்தது. அதனால் அதை மட்டும் எடுத்துக்கொண்டேன். சினிமா கேள்விகள் அடுத்த வாரம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: என் மகள் 3ஆம் வகுப்பில் பின்னம் படித்தாள். 5இல் மறுபடியும் பின்னம். இப்போது 6இலும் அதே. "இதெல்லாம் எனக்குத் தெரியும்மா" என்கிறாள், டெஸ்டில் தப்பாகப் போட்டுவிட்டு வருகிறாள். ஒரே வருஷத்தில் மொத்தமாக முடித்துவிட்டால் என்ன? (ஓர் அம்மா, திண்டுக்கல்)

பதில்: முடிக்க முடியாது, அதுதான் விஷயம். 3ஆம் வகுப்பில் அவள் பார்த்தது பாதி, கால், முக்கால். காகிதத்தை மடித்து வண்ணம் அடித்திருப்பாள். அப்புறம் 1/2, 2/4 இரண்டும் ஒரே அளவுதான் என்று வந்திருக்கும். 6இல் வேற்றினப் பின்னங்களை, அதாவது கீழ் எண் வேறுவேறாக இருப்பவற்றை, கூட்டிக் கழித்து, பெருக்கவும் வகுக்கவும் வேண்டும். 8இல் இதே ஆசாமி விகிதமுறு எண் என்ற பெயரில் குறை எண்களையும் கூட்டிக்கொண்டு வருவார், 10இல் எக்ஸ், ஒய் சேர்ந்து விகிதமுறு கோவை ஆகிவிடுவார். தலைப்பு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் பிள்ளை செய்ய வேண்டிய வேலை வேறு. காகிதத்தை மடித்த அறிவை மட்டும் வைத்துக்கொண்டு முக்காலை அரையால் வகுக்கச் சொன்னால் அவள் என்னதான் செய்வாள்?

இதற்குச் சுருள்முறைப் பாடத்திட்டம் என்று பெயர், ஆசிரியர்கள் ஸ்பைரல் என்பார்கள். பிரபலப்படுத்தியவர் ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர். 1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும், நம் பிள்ளைகள் அறிவியலில் பின்தங்கிவிட்டார்களே என்று அமெரிக்காவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. 1959 செப்டம்பரில் மாசசூசெட்ஸில் வுட்ஸ் ஹோல் என்ற கடலோர ஊரில் சுமார் 35 விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் உளவியலாளர்களும் 10 நாள் உட்கார்ந்து பேசினார்கள். அதற்குத் தலைமை தாங்கிய புரூனர், அந்தப் பேச்சை வைத்து 1960இல் எழுதிய சின்னப் புத்தகத்தில்தான் இந்த யோசனை இருக்கிறது: ஒரு துறையின் அடிப்படைக் கருத்துகளைச் சீக்கிரமே தொடங்கு, திரும்பத் திரும்ப வா, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆழமாகப் போ. கடைசிப் பகுதி இல்லாவிட்டால் அது வெறும் செக்குமாட்டு வேலை.

உங்கள் மகளின் "தெரியும்" பொய் இல்லை. போன சுற்று அவளுக்குத் தெரியும், இந்தச் சுற்றில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பாடம் தொடங்கும் அன்று "போன தடவை இல்லாத எது இதில் இருக்கு, கண்டுபிடி" என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, நம் ஊரில் 2012-13இலிருந்து உங்கள் மகள் வகுப்புக்கெல்லாம் வருஷத்தை மூன்று பருவமாகப் பிரித்து, பருவத்துக்கு ஒரு புத்தகம். பருவம் முடிந்ததும் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறோம். சுமை குறைந்தது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் திரும்பிப் பார்க்க வீட்டில் எதுவும் மிஞ்சுவதில்லை. கணக்குப் புத்தகங்களையாவது இரண்டு வருஷம் வைத்திருங்கள்.

கேள்வி: எந்தப் பாடத்தையும் எந்த வயதுப் பிள்ளைக்கும் கற்பிக்கலாம் என்று புரூனர் சொன்னதாக எங்கள் நோட்ஸில் இருக்கிறது. 2ஆம் வகுப்புக்கு கால்குலஸ் நடத்த முடியுமா? (பி.எட். மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: நோட்ஸ்காரர் வாக்கியத்தில் ஒரு துண்டை விழுங்கிவிட்டார். அறிவுக்கு நேர்மையான ஏதாவது ஒரு வடிவத்தில் என்று ஒரு நிபந்தனை அதில் உண்டு, எனக்கு முக்கியமாகப் படுவதே அதுதான். 2ஆம் வகுப்பில் "சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்கவே முடியாது" என்று அடித்துச் சொல்கிறோம் இல்லையா? 6இல் குறை எண்களும் சேர்ந்த முழுக்கள் வந்ததும் முடியும் என்கிறோம். "பெருக்கினால் எண் பெரிதாகும்" என்பதும் அப்படித்தான், பின்னம் வந்ததும் கவிழ்ந்துவிடும். இதெல்லாம் எளிமைப்படுத்தல் இல்லை, பிறகு வாபஸ் வாங்க வேண்டிய பேச்சு. "இப்போ நம்மகிட்ட இருக்கிற எண்களை வெச்சு முடியாது, பின்னாடி பார்ப்போம்" என்றால் அது நேர்மை.

கால்குலஸ் வாய்பாட்டை நடத்த முடியாது, சரி. ஆனால் ஓர் அவரைக்கொட்டையை மண்ணில் போட்டு, வாரா வாரம் கொடியை அளந்து சுவரில் கோடு போட்டு, எந்த வாரம் வேகமாக வளர்ந்தது என்று கேட்க முடியும். மாறும் வேகம் என்பதற்கு அந்த வயதில் அது போதும்.

கேள்வி: கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்த நாட்டிலாவது ஒழுங்காக நடக்கிறதா, இல்லை கருத்தரங்கப் பேச்சு மட்டும்தானா? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வேலூர்)

பதில்: ஐயா, இதைச் சட்டத்திலேயே எழுதிவைத்த நாடு ஒன்று இருக்கிறது, பிலிப்பைன்ஸ். அங்கே 10 வருஷமாக இருந்த பள்ளிக்கல்வியை மழலையர் வகுப்பும் 12 வருஷமும் என்று நீட்டி 2013இல் ஒரு சட்டம் போட்டார்கள், பாடத்திட்டம் சுருள்முறையில்தான் அமைய வேண்டும் என்று அதிலேயே சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்னால் உயர்நிலைப் பள்ளியில் முதல் வருஷம் பொது அறிவியல், இரண்டாம் வருஷம் உயிரியல், மூன்றாவது வேதியியல், நான்காவது இயற்பியல். சட்டத்துக்குப் பிறகு 7 முதல் 10 வரை ஒவ்வொரு வகுப்பிலும் வருஷத்தை நான்காகப் பிரித்து, வேதியியல், உயிரியல், இயற்பியல், புவி அறிவியல் எல்லாமே வந்தன.

காகிதத்தில் ரொம்ப அழகு. ஆனால் உயிரியல் படித்து வேலைக்கு வந்த ஆசிரியர், ஒரே வருஷத்தில் மின்சுற்றும் நடத்த வேண்டும், வேதிப் பிணைப்பும் நடத்த வேண்டும். தனக்கே பிடிபடாத பாடத்தைப் போன வருஷத்தைவிட ஆழமாக நடத்து என்றால் எப்படி? ஒரு பகுதி சூடுபிடிக்கும்போது அதற்கான கால்வருஷம் முடிந்துவிடும், மறுபடி அதைத் தொட அடுத்த வருஷம்தான். பல நாட்டு 15 வயதுப் பிள்ளைகளை ஒப்பிடும் பிசா தேர்வில், 2018இல் அந்த நாடு வாசிப்பில் கடைசி இடம். அதற்கு இந்த முறைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், வறுமை, வகுப்பறைப் பற்றாக்குறை என்று எவ்வளவோ இருக்கிறது. ஆனால் 2023இல் பாடச்சுமையைக் குறைத்து, அடிப்படைத் திறன்களுக்கு முதலிடம் கொடுத்துப் புதுப் பாடத்திட்டம் வெளியிட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1990களில் பல நாட்டுப் பாடத்திட்டங்களை ஒப்பிட்ட வில்லியம் ஷ்மிட் குழு, அமெரிக்கக் கணக்குப் பாடத்தைப் பரப்பில் ஒரு மைல், ஆழத்தில் ஓர் அங்குலம் என்று விமர்சித்தது. எல்லாத் தலைப்பும் எல்லா வருஷமும் வரும், எதுவும் முடியாது. "அதான் அடுத்த வருஷம் வருமே" என்ற நினைப்பு ஆசிரியருக்கு ஒரு தடவை வந்துவிட்டால் போதும், சுருள் அங்கேயே நின்றுவிடும். என் கணக்கில், ஒரு வருஷத்துக்கு இத்தனை தலைப்புதான் என்று வரம்பு கட்டாமல் இந்த முறையைத் தொடவே கூடாது.

கேள்வி: 6ஆம் வகுப்பு எடுக்கிறேன். புத்தகம் "முன்பே கற்றதை நினைவுகூர்வோம்" என்று தொடங்குகிறது. பாதிப் பிள்ளைகளிடம் நினைவுகூர எதுவுமே இல்லை. என்ன செய்ய? (அரசுப் பள்ளி ஆசிரியை, தருமபுரி)

பதில்: டீச்சர், "போன வருஷம் படிச்சீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள், மொத்த வகுப்பும் "படிச்சோம்" என்று பாடும். பலகையில் மூன்றே கேள்வி எழுதுங்கள். 1/4 பெரிதா, 1/8 பெரிதா? எண்கோட்டில் 3/4 எங்கே? 1/2 + 1/3 எவ்வளவு? 8 பெரியது என்பதால் 1/8தான் பெரிது என்பவருக்குப் பின்னம் இன்னும் தொடங்கவே இல்லை. அவரிடம் காகிதம் மடிப்பதிலிருந்து வர வேண்டும். மூன்றாவது கேள்விக்கு 2/5 என்று எழுதுகிறவர் மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டியிருக்கிறார். அவரிடம் தப்பு என்று சொல்ல வேண்டாம், 2/5 பாதியைவிடக் கம்மியாச்சே, பாதியோடு இன்னொன்றைச் சேர்த்தால் குறையுமா என்று கேளுங்கள், மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

இதற்கு ஒரு வாரம் போகும், பாடம் பின்தங்கும், மேலிருந்து கேட்பார்கள். தெரியும். ஆனாலும் இந்த வாரத்தை இழக்காவிட்டால் அந்தப் பருவமே வீண். முடிந்தால் இன்னொன்று செய்யுங்கள்: நம் பிள்ளைகள் பலர் 5 வரை ஒரு பள்ளி, 6 முதல் வேறு பள்ளி. சுருள் அறுந்துபோவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அந்தத் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு ஒரு போன் போட்டு எதுவரை நடத்தினார், எப்படி நடத்தினார் என்று கேட்டுக்கொள்ளுங்கள், குறை சொல்லும் குரலில் வேண்டாம்.

கேள்வி: சிங்கப்பூர் மேத்ஸ் புத்தகம் ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: நல்ல புத்தகங்கள்தான். முதலில் கையில் பொருள், அடுத்து படம், கடைசியில் குறியீடு என்ற அவர்கள் வரிசையே புரூனரிடமிருந்து வந்தது. ஆனால் பிள்ளை 4ஆம் வகுப்பு என்பதற்காக 4ஆம் வகுப்புப் புத்தகத்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள். எண்களை நீளக் கட்டங்களாகப் படம் போட்டுக் கணக்குச் செய்யும் பழக்கத்தை அவர்கள் கீழ் வகுப்பிலேயே தொடங்கிவிடுவதால், நடுவில் நுழைகிற பிள்ளைக்கு அந்தப் படம் புரியாது. முந்தைய வகுப்புப் புத்தகத்தையும் சேர்த்து வாங்குங்கள், அதிலிருந்து தொடங்குங்கள்.