1919இல் ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை ஏன் யாருக்கும் கிடைக்கவில்லை? மான்ட்ரியல் ஆட முடியாமல் போனதும் சியாட்டிலுக்குக் கொடுத்திருக்கலாமே?

கொடுக்கத்தான் பார்த்தார்கள். சியாட்டில்தான் வேண்டாம் என்றது.

நான் டொராண்டோவில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் நயாகராவுக்கு அடுத்து ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமுக்குக் கூட்டிப் போவது என் வழக்கம். பழைய வங்கிக் கட்டடம் அது. கோப்பை அங்கேதான் இருக்கிறது. ஒருமுறை என் மாமா, கோப்பையில் வெட்டியிருந்த எழுத்துகளைக் கூர்ந்து படித்துக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நின்றுவிட்டார். 1919, மான்ட்ரியல் கனேடியன்ஸ், சியாட்டில் மெட்ரோபாலிடன்ஸ், அதன் கீழே ‘தொடர் முடிவடையவில்லை’. “என்னடா இது, மழையா?” என்றார். கிரிக்கெட் ஆள், வேறென்ன கேட்பார்!

அந்தக் காலத்தில் ஸ்டான்லி கோப்பை என்.எச்.எல் என்ற தேசிய ஹாக்கி லீக்கின் சொத்து அல்ல. கிழக்கே 1917இல் தொடங்கிய என்.எச்.எல், மேற்கே பேட்ரிக் சகோதரர்கள் 1911இல் அப்பாவின் மர வியாபாரப் பணத்தில் தொடங்கிய பசிபிக் கோஸ்ட் லீக். இரண்டுமே சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருந்த லீக்குகள். வருஷக் கடைசியில் இரண்டின் சாம்பியன்களும் கோப்பைக்கு மோதுவார்கள், ஒரு வருஷம் கிழக்கே, மறு வருஷம் மேற்கே. இயந்திரம் வைத்து உறைய வைத்த பனித்தளம் மேற்கில் இருந்ததால்தான் சியாட்டில் மாதிரி மழை ஊரில் மார்ச் மாதக் கடைசியிலும் ஆட முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேற்கில் ஓர் அணிக்கு ஏழு பேர். ரோவர் என்று ஒருவர் தளம் முழுக்கச் சுற்றி வருவார். கிழக்கில் ஆறு பேர்தான். அதனால் ஓர் ஆட்டம் மேற்கு விதிப்படி, அடுத்தது கிழக்கு விதிப்படி. பலன் அப்படியே ஸ்கோரில் தெரியும். முதல் ஆட்டம் ஏழு பேர் விதி, சியாட்டில் 7-0. இரண்டாவது ஆறு பேர் விதி, மான்ட்ரியல் 4-2, நாலு கோலும் நியூஸி லலோண்ட் அடித்தது. மூன்றாவதில் மறுபடியும் ஏழு பேர், சியாட்டில் 7-2. ஃபிராங்க் ஃபாய்ஸ்டன் மட்டும் நாலு.

மார்ச் 26இல் நடந்த நான்காவது ஆட்டத்தைத்தான் நான் இந்தத் தொடரின் உச்சம் என்பேன். முதல் பகுதி முடியும் தறுவாயில் சியாட்டிலின் கல்லி வில்சன் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டை, வலைக்குள் தள்ளிவிட்டார். நடுவர் மிக்கி அயன், நேரம் முடிந்த பிறகு விழுந்த கோல் என்று ஏற்க மறுத்தார். அப்புறம் இரண்டு பக்கமும் எதுவும் நுழையவில்லை. மான்ட்ரியல் பக்கம் வெசினா, சியாட்டில் பக்கம் ஹாப் ஹோம்ஸ், இரண்டு கோல்கீப்பர்களும் சுவராக நின்றார்கள். கூடுதல் இருபது நிமிஷம் ஆடியும் 0-0. இன்றுபோல் நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றும் வழக்கமெல்லாம் அப்போது கிடையாது. கையளவு மாற்று ஆட்களை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் அதே ஆட்கள் எண்பது நிமிஷம் சறுக்கினார்கள்.

அந்தக் களைப்போடு ஐந்தாவது ஆட்டம். 3-0 பின்தங்கிய மான்ட்ரியல் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் ஜாக் மெக்டொனால்டின் கோலில் 4-3 என்று வென்றது. ஆளுக்கு இரண்டு வெற்றி, ஒரு டிரா. ஆனால் மான்ட்ரியலின் ஜோ ஹால் அந்த ஆட்டத்தை முடிக்கவில்லை. முடியவில்லை என்று பாதியிலேயே தளத்தை விட்டு வெளியேறினார்.

ஸ்பானிஷ் ஃப்ளூ. சியாட்டிலில் 1918 அக்டோபரில் பள்ளி, தியேட்டர், தேவாலயம் எல்லாவற்றையும் மூடியிருந்தார்கள். போர் முடிந்த நவம்பரில் தடைகளை நீக்கினார்கள். அதோடு காய்ச்சல் ஓய்ந்தது என்ற நினைப்பில்தான் மார்ச்சில் அரங்கம் நிரம்பியது. ஏப்ரல் 1ஆம் தேதி, கடைசி ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு பார்த்தால் மான்ட்ரியல் அணியில் ஹால், லலோண்ட், மெக்டொனால்ட், கூட்டூ, பெர்லின்கெட் என ஐந்து ஆட்டக்காரர்கள், மேலாளர் ஜார்ஜ் கென்னடி, எல்லாரும் காய்ச்சலில் படுக்கை.

கென்னடி முதலில் விக்டோரியா அணியிலிருந்து ஆள் கடன் கேட்டார். லீக் தலைவர் ஃபிராங்க் பேட்ரிக் ஒப்புக்கொள்ளவில்லை. சரி, கோப்பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கென்னடி விட்டுக்கொடுக்க முன்வந்தார். சியாட்டில் மேலாளர் பீட் மல்டூன் அதை வாங்க மறுத்தார். எதிராளி நோயில் கிடக்கும்போது வந்து சேரும் கோப்பை அவருக்கு வேண்டாம். இரண்டு வருஷம் முன்பு இதே மான்ட்ரியலைத் தோற்கடித்து, ஸ்டான்லி கோப்பையை வென்ற முதல் அமெரிக்க அணி என்ற பெயரை வாங்கிய ஊர் என்பதால் அந்தப் பெருந்தன்மை கொஞ்சம் எளிதாக வந்திருக்கலாம். இருந்தாலும் எனக்கு மல்டூனைப் பிடிக்கும்.

ஜோ ஹால் ஏப்ரல் 5ஆம் தேதி சியாட்டிலிலேயே நிமோனியாவில் இறந்தார். வயது 37. முரட்டு ஆட்டத்துக்காக ‘பேட் ஜோ’ என்று பட்டப்பெயர் வாங்கியவர். கியூபெக் அணியோடு இரண்டு முறை கோப்பை வென்றவர். கென்னடி பிழைத்தார், ஆனால் உடம்பு பழையபடி தேறவே இல்லை. 1921இல் அவரும் போய்விட்டார். 2004-05 பருவம் சம்பளத் தகராறில் ரத்தானபோதுதான் அடுத்து ஒரு வருஷம் கோப்பை ஆளில்லாமல் போனது.

மாமா படித்த அந்த வரிகளையும் 1948இல்தான், கோப்பையைத் திருத்தி அமைத்தபோது சேர்த்தார்கள். “இறந்து போனவன் பேர் எங்கே?” என்றார். அந்த இடத்தில் அணிகளின் பெயர் மட்டும்தான். ஹாலை 1961இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்திருக்கிறார்கள், அதே கூடத்தில்தான் இருக்கும் என்றேன். கண்ணாடிப் பலகைகளில் கால் மணி நேரம் தேடினோம்.