டைட் வைத்தும் ஆடும் சைட் ஸ்டாண்ட்: வெல்டிங் வைக்கலாமா?

கேள்வி: எட்டு வருடமாக ஓட்டும் 100 சிசி வண்டி. தினமும் காலையில் 40 லிட்டர் பால் கேன் இரண்டு கட்டிக்கொண்டு போகிறேன். சைட் ஸ்டாண்ட் போட்டால் வண்டி முன்பைவிட அதிகமாகச் சாய்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஸ்டாண்ட் கடகடவென்று அடிக்கிறது. மெக்கானிக் இரண்டு முறை டைட் வைத்துக் கொடுத்தார்; கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிட்டது. இப்போது வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார். வைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். டைட் வைத்தது நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டு காரணம்தான் இருக்கும். ஒன்று, உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது. இல்லையென்றால், டைட் வைத்த முறையே தப்பு. வெல்டிங் இந்த இரண்டையும் சரிசெய்யாது.

நீங்கள் சொல்வதில் இரண்டு கோளாறு கலந்திருக்கிறது. வண்டி அதிகமாகச் சாய்வது போல்ட், அது போகும் ஓட்டை, ஸ்டாண்ட் வந்து முட்டி நிற்கும் ஸ்டாப்பர் ஆகியவற்றின் விவகாரம். கடகடவென்று அடிப்பது பெரும்பாலும் ஸ்பிரிங். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று தானாகப் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைட் ஸ்டாண்டைப் பாதி இறக்கி, அடிப்பாகத்தைப் பிடித்து உள்ளேயும் வெளியேயும் ஆட்டுங்கள். கண் மேலே போல்ட்டில் இருக்கட்டும். ஸ்டாண்டோடு சேர்ந்து போல்ட்டும் அசைந்தால் நட் லூஸ். போல்ட் அசையாமல், ஸ்டாண்டின் மேல்முனையில் போல்ட் கோத்திருக்கும் இரண்டு காதுகள் மட்டும் அதைச் சுற்றி ஆடினால் போல்ட்டோ ஓட்டையோ தேய்ந்திருக்கிறது. சேஸிஸில் ஸ்டாண்டைத் தாங்கும் பிராக்கெட்டே அசைகிறதா? அப்படியானால் அதன் பழைய வெல்டிங்கில் விரிசல். பெயின்ட்டின் மேல் முடி மாதிரி மெல்லிய துருக்கோடு தெரியும். ஆட்டத்துக்காக வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டியது இந்த ஒரு நிலையில்தான்.

மேலே கொஞ்சம்தானே ஆடுகிறது என்று விட்டுவிடக் கூடாது. காதுகளுக்கு நடுவே இரண்டரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டின் நீளம் கிட்டத்தட்ட அதைப் போலப் பத்து மடங்கு. மேலே ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் கீழே தரையில் ஒரு சென்டிமீட்டராகிவிடும். வண்டி கூடுதலாகச் சாய அது போதும்.

இனி ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். இழுத்துக் கட்டியது, தெறித்தால் கண்ணைப் பதம் பார்த்துவிடும். கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும் முன் கொக்கிகள் எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கின்றன என்று செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கட்டிங் பிளேயரால் இழுப்பதைவிட, கொக்கியில் தடித்த நைலான் கயிறு கோத்து, மறுமுனையை ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியில் சுற்றி இழுப்பது சுலபம். திரும்ப மாட்டுவதற்கும் இதே கயிறுதான்.

அப்புறம் நட்டைக் கழற்றி போல்ட்டை உருவுங்கள். துணியால் துடைத்துவிட்டு நடுப்பகுதியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கம்பெனி போல்ட்டின் நடுவில் மரை இருக்காது, வழுவழுவென்று இருக்கும். ஸ்டாண்ட் சுழல்வது அந்த வழுவழுப்பின் மேல்தான். நகம் ஒரு பள்ளத்தில் தட்டினால் போல்ட் முடிந்தது. முழு நீளமும் மரை ஓடியிருந்தால் யாரோ எப்போதோ சாதாரண போல்ட் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இது நம் ஊரில் ரொம்பச் சகஜம். ஒரிஜினல் தொலைந்துபோகும், டப்பாவில் கிடக்கும் ஏதோ ஒன்றை மாட்டி அனுப்பிவிடுவார்கள். அந்த மரை ஒவ்வொரு முறை ஸ்டாண்ட் போடும்போதும் ஓட்டையை அரம் போல ராவிக்கொண்டே இருக்கும். வட்டமாக இருந்த ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். அதன்பின் எவ்வளவு டைட் வைத்தாலும் பலனில்லை.

போல்ட் மட்டும் தேய்ந்திருந்தால் உங்கள் மாடலுக்கான போல்ட்டும் நட்டும் புதிதாக வாங்குங்கள். பெரிய செலவில்லை. ஸ்டாண்டின் ஓட்டை பெருத்திருந்தால் லேத் பட்டறையில் துளைத்து, உள்ளே புஷ் என்ற உலோக வளையம் போட்டுத் தருவார்கள். பழைய ஸ்டாண்ட் என்றால் புதிது வாங்குவதே நிம்மதி. பிராக்கெட்டின் ஓட்டை பெருத்திருந்தால்தான் வேலை கொஞ்சம் பெரிது. அங்கேயும் புஷ் போட முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

மாட்டும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். போல்ட்டின் வேலை ஸ்டாண்டை இறுக்கிப் பிடிப்பதல்ல, அது சுழல இடம் கொடுப்பது. போல்ட்டை நகரவிடாமல் பிடிப்பது பின்னால் இருக்கும் நட்டின் வேலை. போல்ட்டை முறுக்கோ முறுக்கென்று முறுக்கினால் காதுகள் நெரிந்து ஸ்டாண்ட் கல் மாதிரி ஆகிவிடும். பிறகு காலால் தள்ளும்போதெல்லாம் போல்ட்டும் சேர்ந்து திரும்பி, தன்னையே கழற்றிக்கொள்ளும். உங்கள் வண்டியில் டைட் நிற்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

சரியான முறை இது: மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, போல்ட்டின் வழுவழுப்பான பகுதியில் கிரீஸ் தடவுங்கள். போல்ட்டை மரையில் ஏற்றி, முட்டி நிற்கும்வரை டைட் வையுங்கள். பிறகு அரைக்கால் சுற்றிலிருந்து கால் சுற்றுவரை பின்னால் திருப்புங்கள். சில வண்டிகளின் சர்வீஸ் மேனுவலிலேயே இப்படித்தான் இருக்கும். அந்த நிலையில் போல்ட் தலையை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, பின்னால் நட்டை நன்றாக இறுக்குங்கள். போல்ட் மரையில் ஏறாமல் நேராகப் போய் நட்டில் மட்டும் பிடிக்கும் மாடலும் உண்டு. அதில் ஸ்டாண்ட் தடையில்லாமல் சுழல்கிறதா என்று பார்த்துக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும். உள்ளே நைலான் வளையம் உள்ள நட் என்றால் பழையதையே திரும்பப் போடாதீர்கள், அதன் பிடிப்பு போயிருக்கும். ஸ்பிரிங் மாட்டும் முன் ஸ்டாண்டைத் தூக்கி விட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே விழ வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது.

ஸ்பிரிங்கைக் கழற்றிய நிலையில் பாருங்கள். சுற்றுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது நீண்டுவிட்டது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் இருக்கும் மாடலானால் உள்ளே இருப்பது உடைந்திருந்தாலும் வெளியே தெரியாது. புதிது போட்டுவிடுங்கள். சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிவிடும் வைத்தியம் மட்டும் வேண்டாம். வெயிலில் ரப்பர் தொய்ந்து, ஓடும்போது ஸ்டாண்ட் இறங்கி, இடதுபக்கம் திரும்புகையில் தரையில் இடித்தால் வண்டி தூக்கிப் போட்டுவிடும். பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த புதிய வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்ட் இறங்கியிருந்தால் இன்ஜினை அணைத்துவிடும் சுவிட்ச் உண்டு. உங்கள் பழைய வண்டியில் அநேகமாக அது இருக்காது. இருக்கும் வண்டி என்றால், ஸ்டாண்டைத் திரும்ப மாட்டும்போது சுவிட்ச் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும்; இல்லையென்றால் கியர் போட்டதும் இன்ஜின் நின்றுவிடும்.

போல்ட், ஓட்டை, ஸ்பிரிங் எல்லாம் நன்றாக இருந்தும் வண்டி சாய்கிறது என்றால் ஸ்டாப்பர் தேய்ந்திருக்கும், அல்லது ஸ்டாண்ட் வளைந்திருக்கும். வளைந்த ஸ்டாண்டை மாற்றிவிடுங்கள். ஸ்டாப்பரில் கொஞ்சம் வெல்டிங் வைத்து ராவி எடுக்கலாம். அளவு மீறினால் வண்டி நேராக நின்றுகொண்டு, மேடுபள்ளத்தில் வலதுபக்கம் விழும். எந்த வெல்டிங்காக இருந்தாலும் பேட்டரி ஒயரை, முதலில் நெகட்டிவ், கழற்றிவிடச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கும் மாட்டியிருக்கக் கூடாது, சூடு பட்டால் அதன் இழுவை போய்விடும்.

கேன் விஷயமும் இருக்கிறது. இரண்டு கேன் நிறைந்தால் பால் மட்டுமே 80 கிலோவுக்கு மேல். உங்கள் ரக வண்டியின் எடையே சுமார் 110 கிலோதான். அத்தனையும் சேர்ந்து சாயும் பாரத்தை ஒற்றைப் போல்ட் தாங்கினால் புதுப் போல்ட்டும் சீக்கிரம் போகும். கேன் ஏற்றும்போதும் இறக்கும்போதும் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். சைட் ஸ்டாண்டில் நிறுத்திய வண்டிமேல் ஏறி உட்கார்ந்து கிக்கரை உதைப்பதையும் விடுங்கள். வேலை முடிந்து ஒரு வாரம் ஓட்டியபின் நட்டில் ஒருமுறை ஸ்பானர் போட்டுப் பாருங்கள். நகர்ந்திருந்தால் போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள்.