செக் தேங்குதுன்னா இன்னொரு ஸ்கேனர் வாங்கணுமா?

கேள்வி: எங்க பேங்க் செக் கிளியரிங் செக்ஷன்ல மதியத்துக்கு மேல செக் குவிஞ்சுடுது, 4.30 மணி கட்-ஆஃபுக்குள்ள முடிக்க முடியல. மேலிடத்துல இன்னொரு ஸ்கேனர் வாங்கலாம்ங்கறாங்க. ஆபரேஷன்ஸ் ரிசர்ச், அதாவது வேலையை எப்படி நல்லா நடத்தலாம்னு கணக்கு போட்டுப் பார்க்கற துறை, இதுக்கெல்லாம் உதவுமா?

பதில்: உதவும், ஆனா ஸ்கேனர் ஆர்டரை ஒரு வாரம் தள்ளிப் போடுங்க. எம்.ஐ.சி.ஆர். வரியை, அதாவது செக்குக்குக் கீழ காந்த மையில அச்சடிச்ச எண்களை, மெஷின் சட்டுனு படிச்சுடும், கையால எழுதுன தொகையை டைப் பண்றதும் ரிஜெக்ட் ஆனதை ஒவ்வொண்ணா எடுத்து சரி பண்றதும் தான் பெரும்பாலும் இழுக்கும். நான் பார்த்த ஒரு செக்ஷன்ல ஸ்கேனர் பாதி நேரம் சும்மா நிக்குது, பக்கத்து டேபிள்ல ட்ரே மேல ட்ரே அடுக்கி வச்சிருக்காங்க, அதுக்கு நடுவுல எல்லாரும் ஒரே நேரத்துல சாப்பிடப் போயிட்டாங்க!

முதல்ல லிட்டில் விதி, 1961ல ஜான் லிட்டில் நிரூபிச்சது. கையில இருக்கறதை ஒரு மணி நேரத்துல முடியுறதால வகுத்தா ஒரு செக் சராசரியா எவ்ளோ நேரம் உள்ள கிடக்கும்னு வந்துடும். 2 மணிக்கு ட்ரேல 1,800 செக், மணிக்கு 600 முடியுதுன்னா 3 மணி நேரம், அதாவது இப்ப வர்ற செக் 5 மணிக்குத் தான் வெளிய போகும், கட்-ஆஃப் போச்சு.

அடுத்தது நிறைய பேர் நம்ப மாட்டேங்கறது. ஆளுங்க 95% பிஸியா இருக்கணும்னு ஆசைப்படாதீங்க. வேலை ஏறி இறங்கி வர்ற இடத்துல, ஒரு ஆள் ஒரு வரிசைன்னு எளிமையா கணக்கு போட்டா, 80% பிஸின்னா ஒரு செக்குக்கு ஆகுற நேரத்தைப் போல 4 மடங்கு காத்திருக்கணும், 90%ன்னா 9 மடங்கு, 95%ன்னா 19 மடங்கு. கடைசி 5% தான் கழுத்தை அறுக்கும்.

பேட்ச் சைஸையும் பாருங்க. ஒரு செக்குக்கு 6 செகண்ட்னா 300 செக் கட்டு அடுத்த டேபிளுக்குப் போக 30 நிமிஷம், அதுவரைக்கும் டேலி பார்க்கறவர் கையைக் கட்டிட்டு உக்காந்திருப்பார். 50ஆ பிரிச்சா 5 நிமிஷத்துல அவருக்கு வேலை வந்துடும். கட்டு மாத்தறப்ப சீட்டு எழுதற வேலை கொஞ்சம் கூடும், அதனால 10 அளவுக்கெல்லாம் இறங்காதீங்க.

எப்படியும் கொஞ்சம் மிஞ்சும்னு தெரிஞ்சா பெரிய தொகை செக்கை முன்னாடி தள்ளுங்க, ஏன்னா எந்த செக்குக்கும் ஏறக்குறைய அதே நேரம் தான் ஆகுது, ஒரு நாள் தள்ளிப் போனா வட்டி நஷ்டம் மட்டும் தொகைக்கு ஏத்த மாதிரி கூடும். இதுக்கு சாஃப்ட்வேரே வேணாம். ஷிஃப்ட் போடறதுக்கு மட்டும் லீனியர் புரோகிராமிங் (போட்ட நிபந்தனைக்குள்ள எது சிறந்த வழின்னு கண்டுபிடிக்கற கணக்கு முறை) பிரயோஜனப்படும், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எத்தனை ஆள் வேணும்னு குடுத்தா குறைஞ்ச ஆளோட ஷிஃப்ட் போட்டுக் குடுக்கும், எக்ஸெல்லோட வர்ற சால்வர்ங்கற வசதியே போதும், ஆள் எண்ணிக்கை முழு எண்ணா இருக்கணும்னு மட்டும் சொல்லிடுங்க, இல்லன்னா 3.4 ஆள்னு காட்டும்.

ஒரு வாரம் அரை மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு டேபிள்லயும் எத்தனை செக் கிடக்குதுன்னு ஒரு பேப்பர்ல குறிச்சு வைங்க. குவியல் நிஜமாவே ஸ்கேனர் முன்னாடி தான்னா, தாராளமா வாங்குங்க.